மட்டாஞ்சேரி நடைவழியின் இரண்டு வளைவுகள்

ஒரு நடைவழியைப் பற்றி நான் நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். பழைய காதல் கடிதத்தை மனைவி விருந்தாளிகள் முன் உரக்க வாசித்தால் ஒருவனுக்கு எப்படி இருக்குமோ, அந்தக் கட்டுரை கண்ணில் பட்டால் எனக்கு அப்படி இருக்கிறது. மட்டாஞ்சேரி கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த மிளகு, சுக்குக் கிடங்குகளைக் கடைகளும் கலைக்கூடமும் சேர்ந்த வளாகமாக மாற்றும் வேலை என்னிடம் வந்திருந்தது. தெருவிலிருந்து உள்முற்றத்துக்குப் போகும் வழியை நான் இரண்டு இடங்களில் மடக்கினேன். மடக்கியதோடு விட்டிருக்கலாம். அதற்குத் ‘தயக்கம்’ என்று பெயர் வைத்தேன். இன்றைய நகரத்து மனிதன் தயங்கக் கற்றுக்கொள்ள வேண்டும், என் வளைவுகள் அவனுக்கு அதைக் கற்றுத்தரும் என்பது கட்டுரையின் சாரம். நிறையப் படித்துவிட்டு ஐம்பது வயதில் கட்டடம் கட்டுகிறவனுக்கு வரக்கூடிய நோய் இது. தனக்கு ஒரு கருத்து இருக்கிறது என்று தோன்றிவிடும்.

இடத்தின் உரிமையாளர் ஒரு பெண்மணி. மசாலா வியாபாரக் குடும்பம், துபாயில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்குக் கட்டுரை பிடித்துப்போனது. அதிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து விளம்பரக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டார். கீழே கடைகளும் உணவகங்களும். மேலே ஓவியக் கண்காட்சிக் கூடம், சின்னதாக ஒரு அரங்கு, வாடகைக்கு அலுவலக அறைகள். மூலையில் ஒரு வாசிப்பறை. கடைசியாகச் சொன்னதை அவர் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தது. அரசாங்கப் பாஷையில் இதற்குக் கலப்புப் பயன்பாடு என்று பெயர்.

வளாகத்தின் பின்பக்கம் காயல். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். கிடங்குகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் கைவண்டிகள் ஓடிய நேரான பாதை ஒன்றுதான் தெருவுக்கு வழி. அதன் கடைசியில், காயலை ஒட்டி, ஓடு வேய்ந்த ஒரு வீடு. அதில் ஒரு முதிய தம்பதி குடியிருந்தார்கள். பெரியவர் கடைத்தெருவில் அரிசி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். எந்தத் தலைமுறையிலோ பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த, தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். மதுரைக்காரனான எனக்கு அவர் தமிழ் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆரம்பத்தில் அவர் என்னைத் திட்டியதில் பாதி விளங்காமலே போயிற்று. தம்பதி உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், அதன்பின் அது வளாகத்தோடு சேர்ந்துகொள்ளும் என்று உரிமையாளர் ஒத்துக்கொண்டிருந்தார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனது நல்லெண்ணத்தில்தான். உங்கள் வீட்டுக்கு வரும் வழி இனி எவ்வளவு அழகாக இருக்கப்போகிறது பாருங்கள் என்று காட்டுவதற்கு. பெரியவருக்கு நெஞ்சில் கோளாறு. பாதையைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சாயா கொண்டுவந்து வைத்தார்.

“இது என்ன சாரே, இங்க மடங்குது?” என்றார் பெரியவர், விரலை வைத்து.

“வளைவு பாய். வர்றவங்களுக்கு முற்றம் எடுத்த எடுப்புல தெரிஞ்சிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத் தெரியணும்.”

“எனக்குத் தெரியும் முற்றம். என்னை எப்படிக் கொண்டுபோவாங்க?”

“ஆஸ்பத்திரிக்குத்தானே? படிக்குப் பக்கத்துலயே சக்கர நாற்காலிக்குச் சரிவு போட்டிருக்கோம்.”

“ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்க்குவேன். அதுக்கப்பறம் கொண்டுபோறதைச் சொல்றேன்.”

“விடிஞ்சா இந்தப் பேச்சுதான். சாயா ஆறுது, குடிங்க” என்றார் அந்த அம்மா. யாரைச் சொன்னார் என்று தெரியாததால் நான் குடித்தேன்.

பெரியவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் கலூரில் உயரமான ஒரு ஃப்ளாட்டில் மகனோடு இருந்து, அங்கேயே காலமானவர். உடலை வைத்துத் தூக்கும் மய்யத்துக் கட்டில் லிஃப்டுக்குள் நுழையவில்லை. படிக்கட்டிலும் திரும்பவில்லை. “பாயில சுத்தி, லிஃப்டுல நிக்க வெச்சுக் கொண்டுவந்தாங்க சாரே. விழுந்துடாம ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு. நடுவுல ஒரு மாடியில கதவு தொறந்துச்சு. பால் பாக்கெட்டோட ஒரு சேச்சி. உள்ள பாத்துட்டு, நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்னு சொல்லிச்சு.” அவர் சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். சிரிக்கவில்லை. “உசிரோட இருக்கச்சே அவன் யார் முன்னாலயும் நின்னதில்ல. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்த வழியா நேராப் போகணும். சாயக் கூடாது. நிக்கக் கூடாது. டாக்டர் இந்த மழைக்காலத்தைத் தாண்டறதே சந்தேகம்ங்கறாரு. உங்க கட்டடம் எப்ப முடியும்?”

அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு என்றேன்.

“அப்ப நான்தான் முந்துவேன்” என்றார்.

நான் கல்நெஞ்சன் இல்லை. வெறும் கர்விதான். பள்ளிவாசலுக்குப் போய், கட்டிலின் நீள அகலத்தை அளந்துகொண்டு வந்தேன். வரைபடத்தில் அதை ஓர் அலமாரியை நகர்த்துவதுபோல் வளைவுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போயிற்று. இரண்டு பக்கமும் விரற்கடை மிச்சம்கூட இருந்தது. வளைவும் பிழைத்தது, பெரியவரின் ஆசையும் பிழைத்தது என்று குதூகலமாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கட்டில் தானா நடந்து போகுமா?”

நான் ஆட்களை வரைய மறந்திருந்தேன்.

நாலு பேர் தூக்கினால் நாலு பேருக்குத்தான் இடம் வேண்டும் என்பதும் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் தோள் கொடுக்க நினைப்பார்கள். ஒருவர் நாலடி நடந்ததும் பின்னால் இருப்பவர் தோளை நுழைக்க, முன்னவர் விலகிக்கொள்வார். தோள்கள் மாறிக்கொண்டே இருக்கும், கட்டில் நிற்காது. மதுரையில் முஸ்லிம் தெருவுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வளர்ந்து, எத்தனையோ முறை ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தவன்தான் நான். வரையும்போது மட்டும் அது என் கைக்கு வரவில்லை. எங்கள் வரைபடங்களில் எல்லாரும் உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். வாங்க, சாப்பிட, ஓவியம் பார்க்க, காதலிக்கக்கூட. வெளியே போகிறவர்களைப் பற்றித் தீ விபத்துக்காக மட்டும்தான் யோசித்திருந்தோம்.

அப்போதாவது நான் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். நேரில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். என் கட்டுரையை அவ்வளவு லேசில் கைவிட மனம் வரவில்லை.

வேலை செய்தவர்கள் விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள். மேஸ்திரியும் அந்த ஊர்க்காரர். பாதையில் வளைவு வரும் இடங்களில், கலவை போடாமல் செங்கல்லை அடுக்கி, ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னேன். கிடங்கிலிருந்து கழற்றிய தேக்குக் கதவு ஒன்றைக் கட்டிலாக வைத்துக்கொண்டோம். பாரத்துக்கு மணல் மூட்டைகள்.

“சார், ஆள் யாரு?” என்று கேட்டான் ஒருவன்.

“கதவுடா. கதவைத் தூக்கறோம்னு நெனச்சுத் தூக்கு” என்றார் மேஸ்திரி.

“கதவை எவன்ணே தோள்ல வெச்சு நாலு பேராத் தூக்குவான்?”

“அப்ப வாயை மூடிக்கிட்டுத் தூக்கு.”

தூக்கினார்கள். தோள் மாற்றுவதற்கு இன்னும் சிலரைப் பின்னாலும் பக்கத்திலும் நடக்கச் சொல்லியிருந்தேன். நேர்வழியில் சரியாகத்தான் போயிற்று. முதல் வளைவில் உள்பக்கம் இருந்தவன் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். வெளிப்பக்கம் இருந்தவன் எட்டி வைக்க, பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டவன் குனிந்து விலகினான். அந்த மூலை சரிந்தது. மூட்டைகள் நழுவின. ஒன்று கீழே விழுந்து வெடித்து, மணல் என் செருப்பு வரைக்கும் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இதற்குச் சிரிக்கக்கூடிய பிள்ளைகள்தான் அவர்கள். எல்லோரும் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். பெரியவர் ஜன்னலில் இருந்தார். தொடக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார். கையை நீட்டி ஜன்னல் கதவில் ஒன்றைச் சாத்தினார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும்.

அன்று சாயங்காலமே உரிமையாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் மலையாளத்தில் பேசுவார். மலையாளம் என்று நான் நம்பும் ஒன்றில் நான் பதில் சொல்வேன். வளைவுகளை எடுத்துவிடலாம் என்றேன். அவர் மேஜையிலிருந்து கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினார்.

“‘தயங்கத் தெரியாத நகரம் தன் முகத்தை மறந்த நகரம்.’ இது யார் எழுதினது சார்?”

“நான்தான்.”

“நல்லாயிருந்ததே.”

“நல்லாத்தான் இருந்தது. தப்பா இருந்தது.”

சரக்கு வண்டி போக வசதி, காயல் காற்று தெருவரை வரும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் வியாபாரிக் குடும்பம். எதிராளி எப்போது சுற்றி வளைக்கிறான் என்று தெரிந்தவர். கடைசியில் பின்வீட்டுப் பெரியவரைப் பற்றியும், அவர் அண்ணன் லிஃப்டில் இறங்கியதைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

“ஒருத்தர் ஒரே ஒரு தடவை போறதுக்கா இது?”

“அந்த அம்மாவும் இருக்காங்க.”

“சரி, ரெண்டு தடவை.”

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதையை நேராக்கினால் முன்பக்கத்து இரண்டு கடைகள் போய்விடும், அவற்றுக்கு மேல்மாடியில் எங்காவது இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். விரல் நகர்ந்து வாசிப்பறையில் நின்றது.

“இதைக் கேட்டது யாரு?”

“யாரும் கேட்கலை. நானாப் போட்டது.”

“அப்ப உங்ககிட்டயிருந்தே எடுத்துக்கலாம்.”

நியாயமாகத்தான் பட்டது. அந்த அறைக்கு அலமாரிகளின் மரம்கூட நான் மனத்துக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் அறையின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கீழே பாதையில் இரண்டு வளைவுகளையும் அழித்தேன். அழிப்பதற்கு, அவற்றைப் பற்றி எழுதியதைவிடக் குறைவான நேரம்தான் ஆயிற்று.

புது வரைபடத்தைக் காட்டப் போனபோது ஜன்னல் திறந்திருந்தது. பெரியவர் இன்னும் மெலிந்திருந்தார். பாதையின் மேல் விரலை வைத்து, வீட்டு வாசலிலிருந்து தெருவரை ஒரே இழுப்பாக இழுத்தார். திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“இது முன்னாடி இருந்த வழிதானே சாரே?”

“ஆமாம் பாய்.”

“இதுக்கா இத்தனை நாள்?”

அந்த அம்மா உள்ளே போனார். வெகுநேரம் பாத்திரச் சத்தமே வரவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு, எனக்கு இன்னொரு சாயாவோடு வந்தார்.

மழை பிடித்த சில நாட்களில் அவர் சொன்னபடியே முந்திக்கொண்டார். காலையில் மேஸ்திரி போன் செய்தார். “சார், பின்வீட்டுப் பெரியவர் போயிட்டாரு. வழியில சாரம் நிக்குது, பிரிச்சுடறோம்” என்றார். என்னிடம் அனுமதி கேட்கிற குரலில் அவர் பேசவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள், பாதையோரம் கட்டியிருந்த சாரக் கம்புகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடி, மேலே பலகை பரப்பி, சேற்றில் மணல் தூவியிருந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த மின்சாரக் கம்பியை ஒருவன் நீளக் கழியால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டில் போகும்வரை அவன் கையை இறக்கவில்லை.

கடைத்தெருவில் பாதி அங்கே இருந்தது. மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கலிமா சொல்லும் குரல்கள் முதலில் வந்தன, பிறகு பச்சைத் துணி போர்த்திய கட்டில். தோள்கள் மாறின. முதல் வளைவு இருந்திருக்க வேண்டிய இடம் நெருங்கியது. அங்கே எதுவும் இல்லை, அவர்கள் பாட்டுக்கு நடந்துபோனார்கள். இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். யாரோ என் முதுகில் கை வைத்து முன்னால் நகர்த்தினார்கள். குடையைக் கீழே போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தேன். ஈரத் துணி காதில் உரசியது. கனமே இல்லை. சில அடிகள்தான், அடுத்த தோள் வந்தது, நான் கூட்டத்துக்கு வெளியே இருந்தேன். கட்டில் தெருவைத் தொட்டுத் திரும்பிப் பள்ளிவாசல் பக்கம் போயிற்று. எங்கும் நிற்கவில்லை.

காலிப் பாதையில் நின்றபோது, என் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று தோன்றியது. இதற்கும் ஒரு கட்டுரை எழுதலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். சிலருக்கு எதுவும் உறைக்காது.

அந்த அம்மாவை உடனே பார்க்க முடியவில்லை. கணவர் போனபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்த பிறகுதான், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் பேசினேன். சுற்றிலும் கடைகளுக்குக் கதவு நிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எல்லாம் அவர் விரும்பினபடியே நடந்ததா அம்மா என்று கேட்டேன். கேட்ட தொனியில் பதிலையும் நானே சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

“நேராத்தான் போனாராம். எங்கயும் நிக்கலையாம்” என்றார். சற்று யோசித்துவிட்டு, “பாதி வழியில ஒரு எடத்துல மட்டும் கட்டில் ஒரு பக்கமாத் தாழ்ந்துபோச்சுன்னு சொன்னாங்க. அப்ப அந்த மூலையில நீங்க தோள் குடுத்திருந்தீங்களாம்” என்றார்.