மேஜையில் ஓடிய ரயில்

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றிய மூட்டை ஒன்று கைக்கு வந்தது. பிரிப்பதற்கு முன்பே கிரீஸ் வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டுப் போகவில்லை. மதியம் ரசம் சாதத்திலும் அதே வாடைதான். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டிய கைப்பிடி அது.

அவர் நிஜ ரயிலே ஓட்டியவர். மைசூர்–பெங்களூர் தடத்தில் லோகோ பைலட். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஏழு மாதம் வீட்டில் கிடந்தார். மறுபடி இன்ஜின் ஏற மெடிக்கல் தேற வேண்டும். அதற்குள் கை வேலையை மறந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மகள் ரயில் ஓட்டும் விளையாட்டையும் அதற்கான கைப்பிடிப் பெட்டியையும் வாங்கி அனுப்பினாள். இவர் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கனமே இல்லியே இதுல. பின்னாடி இருபது பெட்டி வருதுன்னு கைக்குத் தெரிய வேணாமா?"

மறுநாளே பெட்டியைப் பிரித்துப் போட்டார். தேய்ந்துபோன சைக்கிள் பல்சக்கரம் ஒன்றை உள்ளே பொருத்தி, ரம்பப் பிளேடை ஒடித்து அதன் பல்லில் உரசும்படி வைத்தார். கைப்பிடி ஒவ்வொரு நாட்சிலும், அதாவது வேகத்தின் ஒவ்வொரு படியிலும், 'டக்' என்று உட்கார்ந்தது. பிரேக் கனமாக நகர வேண்டுமென்று சைக்கிள் பிரேக் ரப்பரை வைத்து இறுக்கினார். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் கைப்பிடிக்குள் போயின. நான் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் பழக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை அவர் உள்ளங்கையில் பதமாக வைப்பேன். நட்டுக் கேட்டால் வாஷரைக் கொடுப்பேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. ஒருவர் டியூட்டி முடிந்து வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார்.

எல்லாம் முடிந்தும் அவருக்கு ஏதோ குறைந்தது. இன்ஜினில் இரண்டு பேர் இருப்பார்களாம். சிக்னல் தெரிந்ததும் துணை ஆள் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் தன் கண்ணால் பார்த்து, கையை உயர்த்தித் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொல்வது பெரிய தப்பு. "நீ சும்னே உக்காந்திருக்கியே, சிக்னல் சொல்லு" என்றார் தன் மைசூர்த் தமிழில். அன்று முதல் நான் துணை ஆள். நைட்டியும் கையில் முருங்கைக் கீரையுமாக ஒரு துணை ஆளை எந்த ரயிலும் பார்த்திருக்காது. நான் "கிரீன்" என்பேன், அவர் கையை உயர்த்தி "கிரீன்" என்பார். அவர் குரல் பழையபடி ஆனதைக் கேட்டு நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மெடிக்கலுக்குப் பத்து நாள் இருந்தது. வண்டி ஸ்ரீரங்கப்பட்டணம் பாலம் தாண்டியது. அடுப்பில் குக்கர் கத்தியது. அவசரத்தில் திரையைச் சரியாகப் பார்க்காமல் "கிரீன்" என்றேன். அவரும் கையை உயர்த்தி "கிரீன்" என்றார்.

அது மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள். அடுத்தது சிவப்பு, நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. வண்டி வேகம் குறையாமல் அதையும் தாண்டி, அதுவாகவே பிரேக் பிடித்து நின்றது.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எவ்வளோ நாளாங்க?" என்று கேட்டேன்.

"விளக்கு இருக்கறது தெரியுது. நிறம்தான் தெரியல. உன் குரல் இருக்கே, ஓட்டிரலாம்னு நெனச்சேன்."

சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வார்டில் எத்தனையோ பேர் கண்ணில் டார்ச் அடித்தவள் நான். என் வீட்டுக் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மெடிக்கலுக்குப் போனவர், டாக்டர் சோதிப்பதற்கு முன்பே தானாகச் சொல்லிவிட்டார். டிரைவர்கள் கையெழுத்துப் போட்டு டியூட்டி ஏறுகிற அறையில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கைப்பிடியை அவரேதான் பெட்ஷீட்டில் சுற்றினார். நான் பரணில் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு ஸ்கூட்டரை நான் ஓட்டினேன், அவர் பின்னால். தெருவில் சிக்னல் மாறும்போது பழக்கதோஷத்தில் "கிரீன்" என்பேன். அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. "நீ பாத்தா சரி" என்பார், அவ்வளவுதான். கைகாட்டக்கூட மாட்டார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் விளக்கு மாறினால் என் வாய் "கிரீன்" என்கிறது. பின்சீட்டில் காய்கறிப் பை இருக்கிறது. நான் பார்த்தது சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.