பரிகாரம் கிடைக்காத பாவம்

முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்கு முந்தின நாள் பிள்ளைகள் எல்லோரும் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. மறந்துபோகாமலிருக்கப் பாவங்களை எழுதிக்கொண்டு வரலாம் என்று மறைக்கல்வி ரீச்சர் சொல்லியிருந்தார். பட்டியல் போடச் சொன்னால் எனக்கு அப்போதே சந்தோஷம். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஓரக்கோடு அடித்து, ஏழு பாவங்களை இலக்கமிட்டு எழுதினேன். இரண்டிலிருந்து ஏழு வரை பொய், கோபம், பூசையில் பராக்குப் பார்த்தது போன்றவை. முதலாம் இலக்கம்: அப்பாவைச் சாகப் பண்ணியது.

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்துபவர். எனக்கு ஏழு வயதானபோது, கலைவிழாவுக்கு ரிப்பன் முடிச்சு வைத்த வெள்ளைச் சப்பாத்து வேண்டுமென்று மூன்று நாள் அழுதேன். மூன்றாம் நாள் பின்னேரம் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனவர், ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் சறுக்கி ஒரு லொறிக்கு முன்னால் விழுந்தார். செத்தவீட்டில் அப்பாவின் அக்கா, என் மாமி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவள் கேளாமல் இருந்திருந்தா என்ர தம்பி இருந்திருப்பான்." மாமி அதைப் பிறகு மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அழிறப்பர் இல்லாவிட்டால் எச்சில் தொட்டு அழித்தேன். பள்ளியில் தாகமெடுத்தால் வீடு வரும்வரை பொறுத்தேன். நான் கேட்டால் கொடுப்பவருக்கு ஏதாவது நடக்கும் என்று நம்பினேன். "நல்ல பிள்ளை, ஒண்டும் கேட்டுக் கரைச்சல் தாறேல்ல" என்று அயலவர்கள் புகழ்ந்தார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சுவாமியாருக்குத் தடிமன். முதலாம் இலக்கத்தை வாசித்ததும் மூக்குறிஞ்சும் சத்தம் நின்றது.

"என்ன செய்தனீர்?"

சப்பாத்துக் கதையைச் சொன்னேன்.

"இது பாவமில்லை பிள்ளை. தகப்பனிட்டக் கேக்காமல் பிள்ளை ஆரிட்டக் கேக்கிறது?" என்றவர் மறுபடி மூக்கை உறிஞ்சினார். "சரி, மற்றதுகளைச் சொல்லும்."

மற்ற ஆறுக்கும் சேர்த்து மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் பரிகாரமாகக் கிடைத்தது. வெளியே எல்லோரும் பரிகாரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அஞ்சு. உனக்கு?" என்றாள் என் வகுப்புக்காரி ஒருத்தி.

"மூண்டு."

"சீ, மூண்டுதானோ! எதையோ ஒளிச்சுப்போட்டாய்."

நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆனால் ஆறுக்குப் பரிகாரம் உண்டு, ஒன்றுக்கு இல்லை. பரிகாரம் கொடுக்காத பாவம் மன்னிக்கப்படாத பாவம் என்று முடிவு செய்தேன். இன்று அதே துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பரிசோதிப்பது என் வேலை. பழுதில்லாத பாகத்துக்கு எதிரே திருத்தவேலை எதுவும் எழுதமாட்டோம். ஒன்பது வயதில் அது தெரியாது.

மறுநாள் பூசையில் பெண்பிள்ளைகள் எல்லோருடைய காலிலும் ரிப்பன் முடிச்சு வைத்த சப்பாத்து. என் காலில் வெள்ளை பூசிய பள்ளிச் சப்பாத்து. புதிது வேண்டுமென்று நானும் கேட்கவில்லை. வேண்டுமா என்று அம்மாவும் கேட்கவில்லை. நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். பீடத்துக்கு மேலே பெரிய சிலுவையில் ஆண்டவர். நன்மையில் தன்னையே தருபவர் அவர் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். கொடுப்பவருக்கு என்ன நடக்குமோ அது அங்கே ஏற்கெனவே நடந்திருந்தது. நான் வரிசையை விட்டு விலகித் தூணடியில் போய் நின்றேன்.

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார்.

"என்ன, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?"

"எனக்கு வேண்டாம் அம்மா. நான் வாங்கினா அவருக்குத் திரும்பவும் ஏதும் நடக்கும்."

"ஆருக்கு?"

சிலுவையைக் காட்டினேன். "அப்பாவுக்கு நடந்த மாதிரி."

அம்மா என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

"மழை விடட்டும் எண்டுதான் அப்பா சொன்னவர்," என்றார். "நான்தான், பிள்ளை அழுகுது, இப்பவே போங்கோ எண்டனான்."

பிறகு சிலுவைப் பக்கம் திரும்பினார். "இவருக்கு நடந்தது நீ கேட்டதால இல்லை. நாங்கள் கேக்க முந்தியே தந்திட்டார். வா."

வரிசையின் கடைசியில் போய் நின்றோம். முதலில் நான் வாங்கினேன். எனக்குப் பின்னால் அம்மாவும் கை நீட்டி வாங்கினார்.

வெளியே வந்ததும், "அம்மா, தண்ணி வேணும்" என்றேன். இரண்டு வருடத்தில் நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நான் பயந்துபோனேன்.

"வேண்டாம் அம்மா, தாகமில்லை."

"இல்லை, கேள். நீ கேள்," என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்க ஓடினார்.

அப்பா செத்த நாளிலிருந்து அம்மா ஒரு பூசையிலும் நன்மை வாங்கியதில்லை. கடைசி வாங்கிலேயே இருந்துவிடுவார். முழங்கால் நோவாக்கும் என்று நினைத்திருந்தேன். அன்றும் எனக்குத் துணையாகத்தான் வரிசைக்கு வந்தார் என்று நினைத்தேன். எங்கள் இருவரில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.