பொத்திய கை

லண்டனின் சட்டன் பகுதியில் மனித உரிமைக் குழு சமூகத் தொண்டர்களுக்கு விருது கொடுத்த மத்தியானம், விருது வாங்க வந்த அக்கா கோட்டைக் கழற்றாமல் வாசலோரக் கதிரையில் இருந்தார். அகதி வழக்கு முடியாதவர்கள் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போகும்போது, வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே பிடித்து வைத்துவிட்டால் வீட்டையும் பிள்ளைகளையும் அவர்தான் பார்ப்பார். விருதும் அதற்காகத்தான்.

மேடையில் தலைவர் கை நீட்டினார். அக்கா வலது கையைப் பொத்திக்கொண்டு இடது கையைக் கொடுத்தார். சபை சிரித்தது. விழாவை ஒழுங்கு செய்த எனக்கு எரிச்சல்.

இறங்கி வந்ததும், "என்னக்கா, மரியாதையாக் கை குடுக்க ஏலாதே?" என்றேன்.

கையை விரித்தார். ஒரு திறப்பு.

"காலமை கையெழுத்து வைக்கப் போன பிள்ளை, தம்பி. இன்னும் வெளியில வரேல்லை. போனும் எடுக்கிறாளில்லை."

"படம் எடுக்கப் போறம். கொஞ்சம் நில்லுங்கோ."

"நிக்க ஏலாது. அவளின்ர மகளுக்குப் பள்ளிக்கூடம் விடப்போகுது."

விருதை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

அந்தப் படத்தில் விருதைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். எல்லாரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் கதவைப் பார்க்கிறேன்.