டீவியிடம் கேட்ட கல்யாணம்

போன வாரம் பண்டாரவளையில் டீவி திருத்தும் கடையில் நின்றேன். பழைய பெட்டி ஒன்று சூடாகி, தூசி கருகும் வாசனை வந்தது. எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

எண்பதுகளின் நடுவில் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை செய்தேன். பவளத்தைக் கட்ட ஆசை. ஆனால் அவள் அப்பா வீரையாவை என் அப்பா அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அப்படியென்றால் அவள் எனக்குத் தங்கச்சி முறை. நாங்கள் இருந்த வீட்டு வரிசை, லயமே கூடாது என்றது. நான் பேசத் தெரியாதவன்.

டவுனில் சில்லறைக் கடை வைத்திருந்த பாரூக் நானா வெளிநாட்டில் படித்தவர். டீவியில் சொருகும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தார். சாமான் வாங்கப் போனால் காட்டுவார்.

“வழியச் சொல்லத் தேவல்ல தம்பி. தெரிஞ்சதச் சொல்லு, விதியச் சொல்லு, கேள்வியக் கேளு. வழிய அதுவே தேடும். நாம சொல்லாதது மட்டும் அதுக்கு இல்லாததுதான்.”

எங்கள் லயத்து முறையெல்லாம் சொன்னேன். தட்டினார். அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டக்கூடாது என்ற விதியையும் போட்டார். பவளத்தைக் கட்டலாமா என்று கேட்டோம். இல்லை என்று வந்தது. லயம் சொன்னதையே சொல்ல இத்தனை வயரா?

நானா விடவில்லை. “ஒங்க அப்பாவும் வீரையாவும் ஒரே வயித்துப் பிள்ளையா?”

“இல்ல நானா. காத்துல எங்க கூரை பறந்தப்ப அவரோட ஒத்த ரூம் காம்பராவுலதான் மூணு மாசம் இருந்தோம். அதுலேர்ந்து அண்ணே.”

“அப்ப அண்ணன்ங்கிற அந்த வரிய அழிச்சாப் போச்சு!”

அடுத்த ஞாயிறு அப்பா, வீரையா, பவளம் மூவரையும் பஸ்ஸில் நானா கடைக்குக் கூட்டிப் போனேன். அழிப்பது என்றதும் அப்பா எழுந்துவிட்டார்.

“கல்யாணம் இல்லாட்டியும் பரவால்லங்க. அண்ணன அழிக்காதீங்க.”

வீரையா தரையைப் பார்த்தார். நானா தலையைச் சொறிந்தார். பிறகு அண்ணனை இரண்டாக்கினார். கூடப் பிறந்த அண்ணன், கூப்பிடும் அண்ணன். தடை கூடப் பிறந்த அண்ணனுக்கு மட்டும். மறுபடி கேட்டார். ஆமாம் என்று வந்தது.

“இனி நான் ஒனக்கு அண்ணனா, சம்பந்தியாடா?” என்றார் வீரையா.

“ரெண்டுந்தாண்ணே.”

பவளம் சிரிக்கவில்லை. “டீவிகிட்ட கேட்டீங்க. என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

கேட்டேன். அவள் போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பெரகலச் சந்தியில் இறங்கும்போது “ம்” என்றாள்.

டீவியே சொல்லிவிட்டது என்றதும் லயம் வாயை மூடிக்கொண்டது.

கரண்ட் போனால் அந்த மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். இப்போது மெஷினும் இல்லை, நானாவும் இல்லை. அப்பாவும் வீரையாவும் கடைசிவரை தம்பி, அண்ணே என்றே கூப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். இன்று லயத்துப் பிள்ளைகளுக்கு எல்லோரும் அங்கிள். எந்தக் கூரை பறந்து யாருக்கு யார் அண்ணன் ஆனார் என்று எவரும் சொல்வதில்லை. நானா சொன்ன மாதிரி, சொல்லாதது இல்லாததுதான்.