சென்னம்மா என்று கூப்பிட்டது யார்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன், மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன், மறுநாள் டியூட்டிக்கான அடையாள அட்டையையும் மறக்காமல் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு நானும் என் மனைவி கலாவும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி ஓசூரில் இருக்கும் என் தங்கை விஜயாவின் வீட்டுக்குப் போனோம். அவள் குழந்தைக்கு அன்று பெயர் வைக்கிறார்கள். தாய்மாமனாகக் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவன் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளந்து பார்க்காத எதையும் சரி என்று கையெழுத்துப் போடாதவன். பேய், ஆவி, அருள்வாக்கு என்று யாராவது ஆரம்பித்தால் கேண்டீனில் முதலில் சிரிக்கிறவன் நான்தான். ஆகவே நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

விஜயாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் பிறந்த குழந்தை. குறைமாதம். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள், அதன் பிறகு எடை ஏறியது, முகம் தெளிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது, காது மட்டும்தான் சந்தேகம். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை பார்த்தும் பதில் வரவில்லை, பெங்களூரில் பெரிய பரிசோதனைக்கு வரும் செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாதக் குழந்தை, குக்கர் விசில் அடித்தாலும் திரும்பாது. அந்தக் கவலையில்தான் மூன்றாம் மாதம் வைக்க வேண்டிய பெயர் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது.

விஜயாவின் கணவர் சீனிவாசன் ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் பெயரைச் சொல்லி முடித்ததும் வெண்கலத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவார்கள். குழந்தை திடுக்கிட்டு அழுதால் பெயரை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், எல்லாரும் சிரித்து இனிப்பு எடுத்துக்கொள்வார்கள். முந்தின நாள் விஜயா எனக்குப் போன் செய்து இதைப் பற்றித்தான் பேசினாள்.

“அண்ணா, மூணு தடவ பேரச் சொல்லு, பூவப் போடு, சாப்ட்டுறலாம். தட்டு மட்டும் வேணாம்ணா. அவ அசையலைன்னா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பெயர் ரித்விகா. விஜயாவும் சீனிவாசனும் செல்போனில் தேடிப் பிடித்தது. ஒரு இடத்தில் போட்டிருந்த அர்த்தம் இன்னொரு இடத்தில் இல்லை, அது அவர்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர்கள் தெருவில் சாயங்காலம் யாராவது பால்கனியிலிருந்து ரித்விகா என்று கத்தினால் மூன்று சைக்கிள்கள் நிற்கும், அத்தனை ரித்விகா. சீனிவாசனின் அக்கா லட்சுமக்கா ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அன்று காலையிலிருந்து அந்தப் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“ரித்து… ரித்திகா… அய்யோ, நோரு திரகலேது அண்ணா. வாய் சுளுக்கிக்கும் போலிருக்கு. எங்க மாடு கண்ணு போட்டா இந்தப் பேர வச்சிருவேன், கூப்பிட்டுப் பழகிக்கலாம்.”

“அக்கா, மாட்டுக்கு வேற வை, இது என் பொண்ணு” என்றார் சீனிவாசன்.

“உன் பொண்ணுதாண்டா, அதான் மாடு பேரா இல்லாம பாத்துக்கோன்றேன்.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. பதினோரு மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருந்தது. கலா அடுப்படியில் ஒப்பட்டு, அதாவது போளி, தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். வலது காதோரம் குனிந்து ரித்விகா என்று மூன்று முறை சொன்னேன். அது பாட்டுக்குச் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்வதற்குள் லட்சுமக்கா தாம்பாளத்தோடு வந்து நின்றுவிட்டார். அவரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை, சொல்லாமல் விட்டது என் தப்பு. விஜயா என்னைப் பார்த்தாள். நான் எட்டித் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“சென்னம்மா… ஏ சென்னம்மா!”

பெண் குரல். பயமுறுத்துகிற குரல் இல்லை, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் அலுப்பும் நிறையச் செல்லமும் கலந்த குரல். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, என் மடியிலிருந்த குழந்தை தலையைத் திருப்பியது. ஃபேனை விட்டுவிட்டு, முழுசாகத் திருப்பியது. இரண்டாவது முறை கூப்பிட்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

“அண்ணா!” என்று விஜயா கத்தியது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். “திரும்புனாண்ணா! பாத்தியா? எல்லாரும் பாத்தீங்கல்ல?”

எல்லாரும் பார்த்தோம். எல்லாரும் கேட்டோம், அடுப்படியிலிருந்த கலா உட்பட. லட்சுமக்காவுக்கு அந்த நேரத்தில்தான் விஷயம் விளங்கியது. என் கையிலிருந்து தாம்பாளத்தைப் பிடுங்கி ஓங்கி ஒரு தட்டு தட்டினார். குழந்தை கைகால் உதறி வீறிட்டது. அந்த மாதிரி ஒரு அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை, அத்தனை நல்ல அழுகை.

“அழுடி என் தங்கமே, நல்லா அழு” என்று விஜயா அவளை அள்ளிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சீனிவாசன் வெளியே ஓடி பைக் ஹாரனை அடித்தார். குழந்தை ஹாரன் பக்கம் திரும்பியது. கலா டம்ளரைத் தட்டினாள், அந்தப் பக்கமும் திரும்பியது. பாவம், அரை மணி நேரம் அந்தப் பிள்ளையை ஒருவரும் சும்மா விடவில்லை.

நான் வெளியே போய்ப் பார்த்தேன். தெருவில் ஆள் இல்லை. பெங்களூர் போகிற கம்பெனி பஸ் ஒன்று முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தத் தெருவில் சென்னம்மா என்று ஒருத்தரும் இல்லை, எங்கள் குடும்பத்திலும் இல்லை, சீனிவாசன் குடும்பத்திலும் இல்லை.

அதுவே ஆச்சரியம்தான். நான் படித்த காவேரிப்பட்டினம் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் பல சென்னம்மாக்கள், மேட்டுத்தெரு சென்னம்மா, கடைக்கார சென்னம்மா என்று அடைமொழி இல்லாமல் கூப்பிட முடியாது. இப்போது நாற்பது வயதுக்குக் கீழே ஒருத்தி கிடையாது. கம்பெனிகள் வந்து, இங்கிலீஷ் பள்ளிகள் வந்து, சான்றிதழ் எழுதும்போதே சென்னம்மாக்கள் சித்ராக்களாகிவிட்டார்கள். பேரிகைச் சந்தையில் கொத்தமல்லி விற்கிறவர்களிடம் கேட்டால் இன்னும் சிலர் கிடைப்பார்கள், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது பெயரின் அர்த்தத்துக்கு ஒரு சண்டை. லட்சுமக்கா அது சென்னகேசவ சாமியின் பெயர் என்றார். கலா, கிராம தேவதையாக இருக்கும் என்றாள். மேல் வீட்டில் குடியிருக்கும் கன்னடக்கார அம்மா, ஒப்பட்டு வாங்க வந்தவர், நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

“சென்ன அந்த்ரே அழகு, நல்லது. தினமும் பஸ்ஸுல சென்னாகிதீரான்னு கேக்கறாங்கள்ல, நல்லாருக்கீங்களான்னு? அதே சென்ன.”

விஜயா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“இதுதான் பேரு” என்றாள்.

“விஜயா, நாளைக்கு ஸ்கூல்ல சிரிப்பாங்க” என்றார் சீனிவாசன். தெலுங்கு வீட்டு முறைப்படி என்னை பாவா என்பார், ஆதரவுக்கு என்னைப் பார்த்தார். “பாவா, நீங்களாவது சொல்லுங்க. பாஸ்போர்ட்டுல சென்னம்மான்னு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“சிரிக்கட்டும். சிரிக்கிற சத்தம் அவளுக்குக் கேக்கும்ல? எனக்கு அது போதும்” என்றாள் விஜயா.

சீனிவாசன் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். நான் குழந்தையை வாங்கி மறுபடியும் காதில் மூன்று முறை சொன்னேன். லட்சுமக்கா முதல் தடவையிலேயே தெளிவாகக் கூப்பிட்டுவிட்டு, “பாத்தியா, சுளுக்கல” என்றார்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் இரண்டு காதும் சரியாக இருக்கிறது என்று வந்தது. குறைமாதக் குழந்தைகள் சிலருக்குக் காது நரம்பு தாமதமாகத்தான் முதிரும் என்று டாக்டர் விளக்கினார். அதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் வைத்த அன்று மாலையே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டிருந்தேன். எனக்குத் தெருவாசலிலிருந்து. விஜயாவுக்குக் கிணற்றடிப் பக்கமிருந்து. கலாவுக்குக் கூடத்துக்குள்ளிருந்து. சீனிவாசனுக்கு மாடியிலிருந்து. லட்சுமக்கா யோசித்துவிட்டு, “எனக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு அண்ணா” என்றார். இதற்கு டாக்டரிடம் விளக்கம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கேயே தங்கினோம். ஒரு முறை வந்த முடிவை எங்கள் பிரிவில் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆகவே திங்கட்கிழமை காலையில் எழுந்ததும், பல்கூட விளக்காமல், கூடத்தின் நடுவில் பாயில் கால் உதைத்துக்கொண்டிருந்த குழந்தையிடம் போனேன். வாசலில் நின்று கை தட்டினேன், வாசலைப் பார்த்தது. அடுப்படியிலிருந்து பாப்பா என்றேன், அடுப்படியைப் பார்த்தது. பிறகு வாசலிலிருந்து சென்னம்மா என்று கூப்பிட்டேன். அது என் பக்கம் திரும்பவில்லை. கூடத்தில் ஜன்னலை ஒட்டிய மூலையை, வெறும் சுவரை, பார்த்துச் சிரித்தது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன், அதே மூலை. பின்னால் நின்று கூப்பிட்டேன், அதே மூலை, அதே சிரிப்பு. இன்றைக்கும் யார் எங்கிருந்து அந்தப் பெயரைச் சொன்னாலும் முதலில் அந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

அன்று காலை கடைசியாக நானே அந்த மூலையில் போய் நின்று கூப்பிட்டேன். இப்போது என்னைத்தானே பார்த்தாக வேண்டும். பார்த்தாள், ஆனால் என் முகத்தை இல்லை, என் தோளுக்குச் சற்று அருகில், ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில். இரண்டு கைகளையும் தூக்கி, தூக்கிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தாள்.

நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு நின்றேன்.