ஆரோக்கியசெல்வி டீச்சரின் மீன்கடை

ஆரோக்கியசெல்வி டீச்சருக்கு ஆங்கிலம் என்றால் பயம். பதினைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்த பிறகும் அந்தப் பயம் முழுசாக விட்டபாடில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆங்கிலம் எடுக்கிற டீச்சர் வெளியே சொல்லிக்கொள்கிற சமாச்சாரமா அது?

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்தவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் களை வெட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் கோட்டை விட்டார். மறுபடி எழுதி, தட்டுத் தடுமாறிக் கரையேறினார். பிறகு ஆசிரியர் பயிற்சி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, வருடக் கணக்கில் காத்திருப்பு. 1996இல் ஒருவழியாக ஆர்டர் வந்தது. மரக்காணத்தை அடுத்த புன்னைக்குப்பம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி.

கடலோரத்து ஊர். பள்ளிக்கு மொத்தம் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"கணக்கு, தமிழ் எல்லாம் நான் பாத்துக்கறேம்மா. மூணு, நாலு, அஞ்சுன்னு மூணு வகுப்புக்கும் இங்கிலீசை மட்டும் நீங்க எடுத்துக்குங்க."

சாருக்கும் அதே பயம் என்பது பிறகுதான் தெரிந்தது. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் ஒப்படைத்தார், போங்கள்.

முதல் இரண்டு வருடம் டீச்சர் தான் படித்த மாதிரியே நடத்தினார். அவர் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் கோரஸாக இழுப்பார்கள். கடற்கரையில் காது கிழியக் கத்துகிற பிள்ளைகள்தான். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு வாயில் கொழுக்கட்டை. அதிலும் நாலாம் வகுப்புப் பொன்னி இருக்கிறாளே, பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் தரையைப் பார்ப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. அவளை அடிக்க டீச்சருக்குக் கை வரவில்லை. தானும் அப்படி நின்றவர்தானே.

1998 ஜூலையில் ஒரு நாள். சத்துணவு முடிந்து பிள்ளைகள் கட்டடத்துக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டிபன் பாக்ஸ் கழுவப் போன டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். பொன்னி காலை நீட்டி உட்கார்ந்து, புன்னை இலைகளை மீனாகப் பரப்பி வைத்துக் கூவிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா, வா. சங்கரா பாரு, செவுளைத் தூக்கிப் பாரு. இப்பதான் கரைக்கு வந்துது. பாத்துக்கினே நிக்காத, ஜல்தி எடு."

அடேயப்பா, என்ன தொண்டை! அந்தத் தொண்டைக்குள் நாலு ஆங்கில வார்த்தையை ஏற்றிவிட்டால் போதுமே என்று டீச்சருக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே பழைய காலண்டர் அட்டைகளை மீன் மீனாக வெட்டினார். மறுநாள் வகுப்பில் மீன்கடை திறந்தாகிவிட்டது. பொன்னி தலையில் கூடை. மற்றவர்கள் வாங்க வருகிறவர்கள். சாரின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி டாக்டரம்மா, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தாசில்தார்.

"கம், கம். ஃப்ரெஷ் ஃபிஷ்," என்று பொன்னி கூவினாள். கூரை ஓடு அதிர்ந்தது.

"ஈஸ் இட் ஃப்ரெஷ்?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"யெஸ் மேடம். சீ, சீ."

கிருஷ்ணசாமி சார் கண்ணாடி இல்லாமல் தடவிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார், என்ன கலாட்டா என்று. அதற்குப் பிறகு காலையில் டீச்சர் வரும்போதே பிள்ளைகள் பாதி வழிக்கு ஓடிவந்தார்கள். இன்றைக்கு இங்கிலீஷ் உண்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கேட்டு டீச்சர் தன் ஆயுளில் கேட்டதில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம், மத்தியானம் இரண்டு மணிக்கு, பொன்னியின் அம்மா கெங்கம்மாள் வந்தாள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள், காலிக் கூடை இடுப்பில் இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"சார், பொன்னிக்கு டி.சி. குடுத்துடுங்க. திண்டிவனத்துல என் தங்கச்சி வூட்ல வுட்டு வேற இஸ்கூல்ல சேத்துக்கறேன்."

சார் பதறிப்போய் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பொன்னியைத்தான் நினைத்தார். மூன்று வாரத்துக்கு முன்புதான் வாய் திறந்த பிள்ளை. புது ஊரில், புது வகுப்பில் மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்குமே.

"ஏம்மா, நல்லாத்தானே படிக்கிறா? இப்ப இங்கிலீஷ்கூட..."

"அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன்." கெங்கம்மாள் குரலை உயர்த்தவில்லை. "விடியகாத்தால ஏலத்துல எடுத்து, பஸ்ல ஏறி, நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிறவங்க நடுவுல நின்னுக்கினு போறேன். எதுக்கு? இவ தலையில இந்தக் கூடை ஏறக் கூடாதுன்னு. நேத்து வூட்ல என் கூடையைத் தலையில வச்சிக்கினு இங்கிலீஷ்ல கூவுறா. தெருவே சிரிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சிபோச்சி. இஸ்கூல்லயே கூடையை ஏத்தி வுட்டுட்டீங்களே டீச்சர்."

விளையாட்டுதானேம்மா என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். சொல்லவில்லை. அவருக்குத் தன் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பெரிய அதிகாரி பார்வைக்கு வந்த நாளில், உழவர் பாட்டுக்கு நடிக்கக் கருக்கருவாளைக் கொடுத்து இவரைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். இவளுக்குத்தான் நல்லா வரும் என்று வாத்தியார் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அவமானத்தில் அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா வேடம் சுற்றிச் சுற்றி எல்லாப் பிள்ளைக்கும் போயிருந்தது. பொன்னிக்கு ஒரு நாள்கூடப் போகவில்லை. அவளுக்குத்தான் நல்லா வரும் என்று, மூன்று வாரமும் கூடையை அவள் தலையிலேயே வைத்திருந்தார். எல்லாம் தெரிந்த நானே இதைச் செய்தேனே என்று டீச்சருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"தப்பு என்னுதுதாம்மா," என்றார். கிருஷ்ணசாமி சார் அதிர்ந்துபோனார். பெற்றோரிடம் ஆசிரியர் தப்பு ஒப்புக்கொள்வதை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"சார் டி.சி. எழுதி முடிக்க அரை மணி ஆவும். அதுவரைக்கும் வகுப்புல வந்து உக்காருங்க. ஒங்க கூடையைக் கொஞ்சம் குடுங்க," என்றார் டீச்சர்.

கெங்கம்மாள் புரியாமல் கொடுத்தாள். ஈரம் காயாத, நிஜக் கூடை. டீச்சர் அட்டை மீன்களை அதில் கொட்டினார். கைத்துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, மேலே கூடையைத் தூக்கினார். கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். கெங்கம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து வந்து, துண்டைப் பிரித்து, முறுக்கிச் சும்மாடு கோலி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கி மீன்காரி நான்," என்றார் டீச்சர். "பொன்னி, நீதான் டாக்டரம்மா. எழுந்து வா."

டி.சி. எழுத சாருக்குக் கண்ணாடி வேண்டியிருந்ததால், பொன்னி காலண்டர் அட்டையில் வெட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அது மூக்கில் நிற்கவில்லை. டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஃபிஷ், ஃபிஷ். ஃப்ரெஷ் ஃபிஷ். மேடம், டூ யூ வான்ட் ஃபிஷ்?"

பொன்னி தரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டீச்சருக்கு உயிரே போய்விட்டது. கூடை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்குக் குரலே கிடையாதோ? சார் ரப்பர் முத்திரையைக் குத்துகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்டது. டீச்சர் மறுபடி கேட்டார். பக்கத்தில் இருந்த பையன், ஈஸ் இட் ஃப்ரெஷ்னு கேளுடி என்று எடுத்துக்கொடுத்தான்.

பொன்னி அவனைச் சட்டை செய்யவில்லை. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். ஆடி மாதத்துப் புழுக்கம், டீச்சரின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. மீனை அவள் பார்க்கவே இல்லை. போய் டீச்சரின் நாற்காலியைப் பிடித்து, தரையில் கிரீச்சிட இழுத்துக்கொண்டு வந்து போட்டாள்.

"ப்ளீஸ் சிட் டவுன்," என்றாள். பானையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். "டிரிங்க் வாட்டர்."

அந்த மீன்கடைப் பாடத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. வேறு வேறு நாளில் காதில் விழுந்ததை அவளே எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். டீச்சர் கூடையோடு நாற்காலியில் உட்கார்ந்து, தம்ளரை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

"இன்னா டீச்சர் சொல்றா?" என்று கெங்கம்மாள் கேட்டாள்.

"உக்காருங்க, தண்ணி குடிங்கன்னு சொல்றா."

கெங்கம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பன்னெண்டு வருசமா தெருத்தெருவா போறேன் டீச்சர். எந்த வூட்லயும் இதைத் தமிழ்லகூட எனக்கு யாரும் சொன்னதில்ல."

எழுதி முடித்த டி.சி.யோடு சார் வாசலில் வந்து நின்றார். கெங்கம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்து, "பொன்னி, அதை இன்னொரு தபா சொல்லு," என்றாள்.