என் தம்பியின் மரப்படி

"அக்காவைத் தவிக்க விட்டுட்டுப் பெண்டாட்டி பின்னாலேயே ஓடிப்போயிட்டான்" என்று எதிர்வீட்டுக்காரி சொல்வது அத்தனையும் பொய். தவித்திருந்தால் நான்தானே தவித்திருக்க வேண்டும், என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? அவனை அனுப்பியதே நான்தான்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் அவன் போர்ட்டர். இந்தப் பாதையில் ஓடிய முதல் ரயிலே அங்கேதான் வந்து நின்றது. அந்தக் காலத்துக் குட்டிப் பெட்டிகளுக்காகக் கட்டிய மேடை. முழங்கால் உயரம்கூட இல்லை. பழமை கெடக்கூடாது என்று உயர்த்த விடமாட்டார்கள். பெரியவர்கள் இறங்கத் திண்டாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தம்பி பலகை சேர்த்து, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு தட்டு வைத்த மரப்படி ஒன்று செய்தான்.

தையல் டீச்சர் வாரம் ஒருநாள் பெரிய ஊரிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். ஒரு கால் சற்று வலுவில்லை. கடைசியில் வரும் பெண்கள் பெட்டிக்குத்தான் படி முதலில் போகும். ஒருநாள் பெட்டிகளை மாற்றிக் கோத்துவிட்டார்கள். பெண்கள் பெட்டி முன்னால் போய் நின்றது. இவன் படியோடு ஓடி வருவதற்குள் வண்டி அவளை அடுத்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது.

இவன் படியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக நான்கு மைல் நடந்தான். அங்கே மேடை பெட்டி வாசலுக்குச் சமமாக இருப்பது ஊருக்கே தெரியும். அவள் திரும்பும் வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்க இறங்கணுமே."

"நான் இறங்கி ஒரு மணி நேரமாச்சு."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவள்தான். அதில் என்ன தப்பு?

கல்யாணமாகி ஆறு மாதம் அவள் பெரிய ஊரில், இவன் இங்கே. அவள் ஊருக்கே இவனுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, எனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் 'டியூட்டி சீட்டு' என்று சொல்லிவிட்டான். அவள் வந்து அழுத பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"நீ தனியா என்னக்கா பண்ணுவே?"

"உன் அழுக்குச் சட்டையைத் துவைக்காம நிம்மதியா இருப்பேன்."

"நான் போகலக்கா."

"அப்போ இந்த வீட்டுல அடுப்பு எரியாது."

இரண்டு நாள் எரியவில்லை. மூன்றாம் நாள் காலை, தெருவே பார்க்க, தகரப் பெட்டியோடு வாசலைத் தாண்டினான். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவான் என்று எனக்குத் தெரியும். "நேரா போடா" என்று சத்தம் போட்டேன். கழுத்தைக்கூடத் திருப்பாமல் போனான், பாவம்.